ஒற்றைத் திங்களும் தளர்நடையும்: பிள்ளைத்தமிழ்ப் பருவ வைப்பைக் குழந்தை வளர்ச்சி அட்டவணையாகப் படித்தல் பற்றிய ஒரு மறுபரிசீலனை

ஆய்வுச் சுருக்கம்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் குழந்தையின் உடல், உள வளர்ச்சியைத் திங்கள்தோறும் பதிவு செய்தவை என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. பாட்டியல் மரபு கூறும் திங்கள் கணக்கு, பாடுதற்குரிய காலத்தை வரையறுப்பதேயன்றிக் குழந்தை வளரும் காலத்தைக் கணிப்பதன்று என இக்கட்டுரை வாதிடுகிறது. குழந்தையைக் கண்ணால் கண்டு எழுதிய பதிவுகள் பெரியாழ்வார் திருமொழியில் உள்ளன. அவை பத்துப் பருவ வைப்புக்குள் வரும்போது எவ்வாறு உருமாறின என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிள்ளைத்தமிழ், பாட்டியல், பருவம், பெரியாழ்வார் திருமொழி, அம்புலி, தளர்நடை, குழந்தை வளர்ச்சி.

முன்னுரை

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் இருபாற் பிள்ளைத்தமிழுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் முதலியவற்றுள் மூன்றும் இறுதியில் அமையும். இவ்வைப்பை விளக்கும் பாடநூற் குறிப்புகளிலும் மேடை உரைகளிலும் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது: மேலைநாட்டுக் குழந்தை மருத்துவம் இருபதாம் நூற்றாண்டில் கண்டறிந்த வளர்ச்சிப் படிநிலைகளைத் தமிழர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டனர் என்பதே அது. அதை அடுத்து, ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஒன்பதாம் திங்களில் சப்பாணி எனத் தொடரும் ஓர் அட்டவணையும் வரும்.

இக்கூற்றைப் பெருமித உரை என்று புறந்தள்ளிவிட முடியாது. அட்டவணை உண்மையெனக் கொள்ளப்படுமானால் அதனைக் கொண்டு குழந்தைகள் அளக்கப்படுவர். பாடல்களும் அதே அட்டவணையைக் கொண்டே படிக்கப்படும். இரண்டும் நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே அந்தக் கணக்கு எதனை எண்ணுகிறது என்று முதலில் பார்க்க வேண்டியுள்ளது.

திங்கள் கணக்கின் இயல்பு

பாட்டியல் மரபில் பெருவழக்காகச் சொல்லப்படும் விதி, மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரை, ஒற்றைப்பட்ட திங்களில், வளர்பிறைப் பக்கத்தில் பிள்ளைக்கவி பாடப்பெறும் என்பதாகும். 3, 5, 7, 9, 11, 13, 15, 17, 19, 21 என எண்ணிப் பார்த்தால் ஒற்றை எண்கள் சரியாகப் பத்து. பருவங்களும் பத்து. ஒன்றுக்கு ஒன்றாக இணைத்தால் மிச்சம் இல்லாமல் பொருந்திவிடுகிறது. இந்தப் பொருத்தமே ஐயத்திற்கு இடம் தருகிறது. எந்தக் குழந்தையும் இரண்டு திங்களுக்கு ஒருமுறை, இடைவெளி பிசகாமல் ஒரு புதிய செயலைக் கற்பதில்லை. முதலாண்டில் மாற்றங்கள் அடுத்தடுத்து நெருங்கி வரும்; சில வேளைகளில் ஒரே வாரத்தில் இரண்டு வரும்; பிறகு நெடுநாள் ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

விதியில் உள்ள மற்றைய சொற்களையும் கவனிக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணும் வளர்பிறையும் மங்கலம் கருதியவை. நூலின் முதற்சீருக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் பாட்டியல், பாடும் நாளுக்கும் பொருத்தம் பார்ப்பதில் வியப்பில்லை. குழந்தை இன்ன திங்களில் கைகொட்டும் என்று கூறுவதற்கு வளர்பிறை எதற்கு? தலைவனைப் பாடுவதற்கு உகந்த காலத்தைச் சொல்லும் நூற்பாவாகக் கொண்டால் மட்டுமே அச்சொல் அங்கு நிற்கக் காரணம் கிடைக்கிறது. பிற்காலத்தார் அதிலிருந்து திங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பிறையை விட்டுவிட்டனர். அட்டவணை அவ்வாறே பிறந்தது எனலாம்.

நூல்களுக்கிடையே வேறுபாடுகளும் உள. காப்பை இரண்டாம் திங்களில் வைப்பாரும் உளர். திங்களைக் கடந்து ஆண்டுக் கணக்குக்கு இடம் கொடுப்பாரும் உளர். கணிப்பு முறையின் வளர்ச்சி என இவற்றைக் கருதுவதற்குச் சான்றில்லை. வெவ்வேறு மரபுகள் வெவ்வேறு எண்களைக் கைக்கொண்டன என்ற அளவிலேயே கொள்ளத்தக்கன.

இனி, அட்டவணையை அதன் சொற்படியே ஏற்றுக்கொண்டு குழந்தை வளர்ச்சி பற்றிய இன்றைய அளவீட்டுடன் வைத்துப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இயக்க வளர்ச்சி ஆய்வு இதற்கு ஏற்றது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உருவாக்கப்பட்டது அது. எந்தப் படிநிலைக்கும் அவ்வாய்வு ஒற்றைத் திங்களைத் தரவில்லை. நூற்றில் ஒரு குழந்தை எட்டும் வயதில் தொடங்கி, 99 குழந்தைகள் எட்டிவிடும் வயது வரை ஓர் எல்லையைத் தருகிறது. துணையின்றி உட்கார்தல் 3.8 முதல் 9.2 திங்கள் வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்தல் 5.2 முதல் 13.5 வரை, தனித்து நடத்தல் 8.2 முதல் 17.6 வரை.

பதின்மூன்றாம் திங்களில் வைக்கப்படும் வருகை இந்த எல்லைக்குள் நன்றாகவே அமைகிறது. ஒன்பதாம் திங்களின் சப்பாணியும் ஏறத்தாழப் பொருந்தும். அட்டவணையை ஆதரிப்போர் எடுத்துக்காட்டுவனவும் பெரும்பாலும் இவ்விரண்டே. செங்கீரையில் இடர் தொடங்குகிறது. ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைதல் என அதற்குப் பொருள் கூறுவர். ஐந்தாம் திங்களில் இந்நிலையை எட்டும் குழந்தைகள் மிகச் சிலரே. கீர் என்பதற்குச் சொல் எனப் பொருள்கொண்டு, குழந்தை எழுப்பும் இனிய ஒலியைக் குறித்ததே செங்கீரை என்பாரும் உளர். ஒரு பொருள் உடலியக்கம் பற்றியது; மற்றது பேச்சின் தொடக்கம் பற்றியது. எதனை அளக்கிறோம் என்பதே முடிவாகாத நிலையில் அது எந்தத் திங்களுக்குரியது என்று உறுதிசெய்ய இயலாது.

காப்புப் பருவத்தில் குழந்தைக்குச் செயலே இல்லை, தெய்வங்களே செயலாற்றுகின்றன. தால் என்பது நா. நாவசைத்துப் பாடும் தாலாட்டில் செயல் தாயினுடையது. பிறந்த நாள் முதல் கேட்கும் தாலாட்டை ஏழாம் திங்களுக்கு ஒத்திவைப்பதற்குக் குழந்தையின் வளர்ச்சியில் காரணம் எதுவும் இல்லை.

அட்டவணை முற்றாக உடைந்துபோவது இறுதி மூன்று பருவங்களில்தான். அதிலும் பெண்பாற் பிள்ளைத்தமிழில் இது வெளிப்படை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அம்மானை, நீராடல், ஊசல் என முடிகிறது. அம்மானைக் காய்களை மேலே எறிந்து, ஒன்று விழுமுன் மற்றொன்றை எறிந்து பிடிக்கும் விளையாட்டைப் பதினேழு திங்கள் குழந்தை ஆடுமா? எறிந்த ஒரு பந்தை இரு கையாலும் பற்றுவதற்கே அக்குழந்தைக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் ஆகும். தோழியரோடு வைகையில் நீராடும் பெண்ணுக்குப் பத்தொன்பது திங்கள் என்று சொன்னால் கேட்போர் நகைப்பர். ஆயினும் அட்டவணை அச்சாகும் இடங்களில் இந்த வரிசைகளும் எந்தத் தயக்கமும் இன்றி அச்சாகின்றன. பல நூல்கள் ஆண்பால் வரிசையை மட்டும் தந்து இச்சிக்கலைத் தவிர்த்துவிடுகின்றன.

ஆண்பால் வரிசையும் தப்பவில்லை. சிற்றில் பருவத்தில் பேசுவோர், தாம் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டா என இறைஞ்சும் சிறுமியர். இக்காட்சி குழந்தைப் பாட்டில் பிறந்ததன்று. தெருவில் ஆடிய மணற்சிற்றிலைக் காலால் சிதைத்த சிறுவனைத் தலைவி நினைவுகூரும் காட்சி கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் உள்ளது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் சிற்றில் சிதையாமை வேண்டுவதாக அமைந்துள்ளது. அகப்பாடலின் விளையாட்டு நினைவு பிள்ளைக்கவிக்குள் வந்து பருவமாயிற்று. அதற்குப் பதினேழு என்று எண்ணிட்டது பின்னர் நேர்ந்தது.

பாட்டுடைத் தலைவரும் ஏவல் வினையும்

பிள்ளைத்தமிழ் என்னும் பெயரோடு கிடைப்பவற்றுள் பழமையானது ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். அதன் தலைவன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரசாண்ட இரண்டாம் குலோத்துங்கன், வளர்ந்த மன்னன். கவனித்துக் குறித்துக்கொள்ள ஒரு குழந்தை புலவர் முன் இல்லை. முருகன், மீனாட்சி, நபிகள் நாயகம், காந்தியடிகள் எனப் பின்வந்த தலைவர்கள் எவருக்கும் இது பொருந்தும். பிள்ளைமை இங்கு புலவர் தலைவருக்கு ஏற்றிய ஒரு கோலம்.

பாடல்களின் முடிபு வினைகளும் இதனையே காட்டுகின்றன. ஆடுக, கொட்டுக, முத்தம் தருக, வருக, முழக்குக, உருட்டுக என ஒவ்வொரு பருவமும் ஏவலில் அல்லது வேண்டுகோளில் முடியும். குழந்தை ஆடியது, கொட்டியது என ஓரிடத்தும் முடிவதில்லை. வளர்ச்சிப் பதிவேடு என்பது நிகழ்ந்ததைக் குறிக்க வேண்டும். பிள்ளைத்தமிழோ நிகழ வேண்டுவதை மட்டுமே சொல்கிறது. வேண்டியது நிகழ்ந்ததா என்பதைச் சொல்லாமலேயே அடுத்த பருவத்துக்குச் சென்றுவிடுகிறது. குழந்தை எட்டவிருக்கும் செயலை முன்கூட்டி அழைத்துப் பழக்கும் உத்தியாக இந்த ஏவலை விளக்கி, அதற்கு வைகாட்ஸ்கியின் கோட்பாட்டைத் துணைக்கழைக்க ஒருவர் விழையலாம். அது பழைய பிழையையே புதிய பெயரில் செய்வதாகும். தாய் தன் குழந்தையிடம் கைகொட்டச் சொல்வதும், புலவர் மன்னனிடம் கைகொட்ட வேண்டுவதும் ஒரே வினைவடிவத்தில் அமைவதால் ஒரே செயலாகிவிடா.

பெரியாழ்வார் கண்ட குழந்தை

அவ்வாறாயின் தமிழில் குழந்தையின் வளர்ச்சியைக் கண்டு எழுதியோர் இல்லையா? உளர். அட்டவணையைத் தேடுவோர் பிள்ளைத்தமிழின் முன்னோடி என்று ஒரு வரியில் குறித்துக் கடந்துவிடும் பெரியாழ்வாரிடமே அது உள்ளது.

திருமொழியின் முதற்பதிகத்தில், பிறப்பின் ஆரவாரம் அடங்கும் முன்னரே, ஒரு தாயின் சோர்வு பேசப்படுகிறது. கிடத்தினால் தொட்டில் கிழியும்படி உதைக்கிறான். எடுத்தால் இடுப்பை முறிக்கிறான். அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். வலுவில்லாமல் தான் மெலிந்துபோனதாக அவள் தோழியிடம் சொல்கிறாள். குழந்தையின் எடை இங்கு தாயின் இடுப்பில் அளக்கப்படுகிறது. பிற்காலப் பிள்ளைத்தமிழ்களின் தாய்க்கு இடுப்பு வலிப்பதில்லை.

பதிகங்களின் வரிசையும் கருதத்தக்கது. தாலாட்டை அடுத்து அம்புலி வருகிறது. அதன் பின்னரே செங்கீரையும் சப்பாணியும். பாட்டியல் ஏழாவதாக வைத்த பருவம் பெரியாழ்வாரிடம் தவழும் குழந்தைக்குரியது. நெற்றிச் சுட்டி அசைய, சதங்கை ஒலிக்க, புழுதி அளைந்து தவழ்ந்துபோகும் பிள்ளை அங்கே நிலவைக் காண்கிறான். தன் சிறிய கைகளால் அதனைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகிறான். வாயில் நீர் ஊற, முற்றாத மழலையால் கூவுகிறான். தவழ்தல், சுட்டுதல், வாய்நீர், உருப்பெறாத சொல் ஆகிய நான்கும் ஒரே பதிகத்தில், ஒரே குழந்தையிடம் சேர்ந்திருக்கின்றன. ஓராண்டை ஒட்டிய குழந்தையைக் கண்டவர்க்கு இச்சேர்க்கை எத்துணை உண்மையானது என்பது விளங்கும். விரும்பிய பொருளை விரலால் சுட்டி அருகிலிருப்பவரின் பார்வையையும் அதன்பால் ஈர்க்கும் செயலை, மொழி வருவதற்கு முந்தைய முதன்மையான அடையாளமாக இன்றைய குழந்தை வளர்ச்சியியல் கருதுகிறது. பெரியாழ்வார் எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை. சொல்லாமலே வயது தெரிகிறது.

தளர்நடைப் பதிகம் இதனினும் நுட்பமானது. சங்கிலி ஒலிக்க மெல்ல நடந்துவரும் யானையாகப் பிள்ளையின் நடையும் அரைமணி ஓசையும் முதலில் காட்டப்படுகின்றன. அடுத்து, செவ்வானத்தில் கிளைநுனியருகே தெரியும் இளம்பிறைபோல் சிவந்த வாயில் முளைத்த பல் தெரிய அவன் சிரிக்கிறான். கருப்பஞ்சாற்றுக் குடத்தைத் திறந்தாற்போல் வாய்நீர் ஒழுகுகிறது. ஓர் அடியில் சங்கும் மற்றோர் அடியில் சக்கரமும் பதிய மணலில் காற்சுவடுகள் தொடர்கின்றன. வெண்புழுதியை மேலே கொட்டிக்கொண்ட யானைக்கன்று போல, வியர்வை துளிர்க்க வருகிறான். புதிதாக நடக்கும் குழந்தை வியர்க்கும் என்பதை ஒரு முறையேனும் பின்னால் குனிந்து சென்றவரே அறிவர். தெய்வக் குறிகள் பாதத்தில் இருக்கட்டும். வாய்நீரும் புழுதியும் வியர்வையும் எந்தக் குழந்தைக்கும் உரியவை. இப்பதிகம் முழுவதும் ஏவலாகவும் இல்லை. நடப்பானோ என்ற வினாவில் பாடல்கள் முடிகின்றன. நடக்கத் தொடங்கும் குழந்தையின் முன் நிற்பவரின் ஐயமும் ஆவலும் அவ்வினாவில் ஒருங்கே உள்ளன.

காப்பிடும் பதிகம் இரண்டாம் பத்தில், காது குத்தல், நீராட்டல், குழல்வாரல், பூச்சூட்டல் ஆகியவற்றிற்கெல்லாம் பிறகு வருகிறது. அந்தி நேரத்தில் மன்றில் நிற்கும் பிள்ளையை, அங்கே நில்லாதே, காப்பிட வா என்று தாய் அழைக்கிறாள். மூன்று திங்கள் குழந்தை மன்றில் நிற்க இயலாது. நடையும் ஓட்டமும் வந்து வீட்டை விட்டு வெளியேறத் தொடங்கிய பின்னரே தாய்க்கு அந்தியைப் பற்றிய இந்த அச்சம் வருகிறது.

பத்துப் பருவ வைப்பு உருவானபோது இவற்றுள் எவை நின்றன, எவை நீங்கின என்பது சிந்திக்கத்தக்கது. முலையுண்ண அழைத்தல், காது குத்தல், எண்ணெய் தேய்த்து நீராட்டல், குழல்வாரல் ஆகியன நீங்கின. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் நீராடல் தாய் நீராட்டுவதன்று, அவளே ஆடுவது. முடிசூடிய மன்னனை எண்ணெய் தேய்த்து நீராட்டப் புலவர் துணியார் என்பது ஒரு காரணமாகலாம். காரணம் எதுவாயினும், குழந்தையை வளர்க்கும் அன்றாட உழைப்பு பருவப் பட்டியலை விட்டு வெளியேறியது. தளர்நடை தனிப் பருவமாக நிற்கவில்லை, வருகைக்குள் கரைந்தது. தள்ளாடும் கால்களைக் காண்பது நின்று, வருக என வரவேற்பது தொடர்ந்தது.

அம்புலியின் மாற்றம் எல்லாவற்றினும் பெரிது. பிற்காலப் பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயங்களால் நிலவை அழைக்கும் சொற்போராயிற்று. நிலவும் தலைவரும் எவ்வெவற்றில் ஒப்பர், எவ்வெவற்றில் நிலவு தாழ்ந்தது, வந்தால் பெறும் பயன் யாது, வாராவிடின் நேரும் தண்டனை யாது எனச் சிலேடையும் புராணமும் கலந்து புலமை விளையாடும் களம் அது. புலவருக்கு அறைகூவலாக விளங்கும் பருவம் என அது போற்றப்படுவதும் தகும். ஆயினும் பெரியாழ்வாரிடம் இருந்த அச்சிறு கை அங்கே சுட்டுவதில்லை. பேசுவோர் பேசுகின்றனர், குழந்தை அருகில் இருக்கிறது என்பது கொண்டுகூட்டிப் பெறப்படுகிறது. குழந்தைச் செயல் மிகக் கூர்மையாகப் பதிவான ஓரிடம், குழந்தைச் செயலே தேவைப்படாத ஓரிடமாக மாறியிருக்கிறது. இதனை இலக்கிய வீழ்ச்சி எனக் கொள்ள வேண்டியதில்லை, வேறொரு கலை. ஆனால் அதனைக் குழந்தை உளவியலுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

அட்டவணையின் இன்றைய வாழ்வு

திங்களுக்கு ஒரு செயல் என்ற பட்டியல் இலக்கிய வகுப்போடு நின்றுவிடுவதில்லை. குழந்தை வளர்ப்பு நூல்களிலும் அது முன்னோர் கணக்கு என்ற மதிப்போடு இடம்பெறுகிறது. அங்கே அது இரு வழிகளில் தீங்கு செய்ய வல்லது. ஐந்தாம் திங்களில் கையூன்றி நிமிராத பிள்ளையைக் கண்டு தாய் வீணே கலங்குவாள். உற்றார் அவளைக் குறை கூறுவர். மறுபுறம், பட்டியலில் இல்லாதவை கவனிக்கப்படாமல் போகும். இரண்டு திங்களை ஒட்டி முகம் பார்த்துச் சிரித்தல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்தல், ஒலிக்குச் செவிசாய்த்தல் ஆகியவற்றுக்குப் பத்துப் பருவங்களில் இடமில்லை. கேட்கும் திறனில் குறையுள்ள குழந்தையும் சப்பாணி கொட்டும், நடந்து வரும், சிறுதேர் உருட்டும்.

ஒற்றை எண்ணுக்கும் எல்லைக்கும் உள்ள வேறுபாடு இங்கே முதன்மை பெறுகிறது. மேற்சுட்டிய உலக சுகாதார நிறுவன ஆய்வில் 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, தவழாமலே நடந்தனர். அவர்கள் நலமான குழந்தைகள். படிநிலை ஒன்றைத் தாண்டிச் செல்லும் உரிமை அங்கே குழந்தைக்கு உண்டு. பருவம் ஒன்றைத் தாண்டிச் செல்லப் பிள்ளைத்தமிழில் இடமில்லை. தாண்டினால் நூல் குறைபடும்.

இம்மரபின் பெரும்புலவராகிய குமரகுருபரரைப் பற்றிய வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் திருவைகுண்டத்தில் பிறந்த அவர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று முருகன் சந்நிதியில் காத்திருந்தனர் என்றும், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் கூறுவர். அருளின் பெருமையைச் சொல்லவே அக்கதை வழங்குகிறது. எனினும், காலம் கடந்தும் சொல் வாராத ஒரு பிள்ளையும் காத்திருந்த பெற்றோரும் அக்கதைக்குள் இருக்கின்றனர். அப்பிள்ளையே வளர்ந்து மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் பாடினார். இரண்டிலும் பருவங்கள் பத்து; குழந்தையின் முதற்சொல்லுக்கென ஒரு பருவம் அவற்றுள் இல்லை.